வைவாவில் நான் கோட்டை விட்ட பெயர்

மலர்க் குழுவில் இருக்கும் தம்பி போன் செய்தார். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், அனாடமி ஹால் வாசனை, கல்சுரல்ஸில் மைக் பிடித்த கதை எல்லாம் ஆளுக்கொன்றாக எழுதி அனுப்பிவிட்டார்கள், நீங்களாவது உருப்படியாக ஏதாவது எழுதுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டார். உருப்படியாக என்று அவர் அழுத்திச் சொன்னதில் கொஞ்சம் கிண்டல் இருந்ததோ என்னமோ, எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் யோசித்தேன். மயக்க மருந்து டாக்டராக முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? நாம் வேலையை ஒழுங்காகச் செய்தால் நோயாளி தூங்கிவிடுவார். எழுந்து பார்த்து சர்ஜனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார். நம் முகம்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அப்படி முகம் தெரியாமல் போன இன்னொரு மனிதரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. நம்மில் ஒவ்வொருவரும் அவர் பெயரைப் பார்மகாலஜி புத்தகத்தில் ஒரு வரியாவது படித்திருக்கிறோம். படித்துவிட்டு மறந்தும் இருக்கிறோம். நான் மறந்தது வைவாவில்.

1979. பார்மகாலஜி யுனிவர்சிட்டி பரீட்சை. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், வெற்றிலை போட்ட வாயோடு, அட்ரினலின் எந்தெந்த ரிசெப்டரில் வேலை செய்யும் என்று கேட்டார். ஆல்ஃபா, பீட்டா என்று மடமடவென்று ஒப்பித்தேன். சரிப்பா, இதை ஆல்ஃபா பீட்டா என்று பிரித்தது யார் என்றார். டேல் என்றேன். இல்லை என்று தலையாட்டினார். எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரப் பெயர் இன்னும் இரண்டு சொல்லிப் பார்த்தேன். கோபிக்கவில்லை, மனுஷன். ஆல்குவிஸ்ட் என்று தானே சொல்லிவிட்டு, நீ ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த ஆள் கண்டுபிடித்ததை வைத்துத்தான் பிழைக்கப்போகிறாய், பெயரையாவது தெரிந்துகொள் என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பினார். எப்படியோ பாஸ் ஆகிவிட்டேன். அவர் சொன்னது பலித்தும்விட்டது.

ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1914 ஜூலை 26-ம் தேதி அமெரிக்காவில் மாண்டானா மாநிலத்தில் மிசூலா என்ற ஊரில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பார்மசி படித்தார். அங்கேயே 1940-ல் டாக்டரேட்டும் வாங்கினார். பிறகு நாலு வருஷம் சவுத் டகோட்டா ஸ்டேட் காலேஜில் பாடம் நடத்தினார். 1944-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆகஸ்டா என்ற ஊரிலிருந்த ஜார்ஜியா மெடிக்கல் காலேஜுக்கு வந்து சேர்ந்தார். டிவியில் கோல்ஃப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். 1828-ல் ஆரம்பித்த பழைய காலேஜ்தான். ஆனால் ஹார்வர்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று நாம் வாயைப் பிளக்கிற இடங்களில் சேர்ந்ததில்லை. சொல்லப்போனால் நம்ம காலேஜ் மாதிரி. வந்த இடத்திலேயே புரொபசர் ஆனார், 1948-ல் துறைத் தலைவர் ஆனார், அப்புறம் கொஞ்ச காலம் நிர்வாகப் பதவியில் இருந்துவிட்டு, மறுபடியும் தன் துறைக்கே தலைவராக வந்து உட்கார்ந்தார். கடைசிவரை அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

அவர் அங்கே தேட ஆரம்பித்தது இதயத்துக்கான மருந்தே இல்லை. மாதவிடாய் வலிக்கு ஒரு மருந்து தேடினார். கர்ப்பப்பைத் தசை இறுகுவதால்தானே அந்த வலி, அதைத் தளர்த்த அட்ரினலின் குடும்பத்து மருந்து எதுவாவது உதவுமா என்று பார்க்கத் தொடங்கினார். அங்கேதான் ஒரு பழைய வழக்கு குறுக்கே வந்து நின்றது.

அட்ரினலின் ஒரு விசித்திரமான பொருள். ஒரு ரத்தக்குழாயைச் சுருக்கும், இன்னொன்றை விரிக்கும். குடலைத் தளரவைக்கும், இதயத்தை ஓடவைக்கும். கர்ப்பப்பையை ஒரு பிராணியில் இறுக்கும், இன்னொரு பிராணியில் தளர்த்தும். ஒரே மருந்து எப்படி இரண்டு மாதிரியும் செய்யும்? இங்கிலாந்தில் ஹென்றி டேல் 1906-லேயே ஒரு துப்புக் கொடுத்திருந்தார். எர்காட் காளானிலிருந்து எடுத்த சத்தை முதலில் கொடுத்துவிட்டு அட்ரினலினைச் செலுத்தினால், ஏறவேண்டிய ரத்த அழுத்தம் இறங்குகிறது. நம் பார்மகாலஜி லேபில் கைமோகிராஃப் டிரம்மில் காகிதத்தைச் சுற்றி, கரிப்புகை பிடிக்கவைத்து, நாயின் பிரஷரை ஊசி கீறிக் காட்டுமே, ஞாபகம் இருக்கிறதா? மேலே போன கோடு கீழே போனதும் ஆசிரியர் திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் பெஞ்சுக்குப் பின்னால் பொட்டலம் கடலையில் மும்முரமாக இருப்போம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கம்ப்யூட்டர் திரையில் வருகிறது. நாய்க்கு நிம்மதி.

கோடு கீழே போவதற்கு அந்தக் காலத்தில் சொன்ன காரணம் வேறு. ஹார்வர்டில் கேனனும் ரோசன்புளூத்தும் 1930-களில், நரம்பு நுனியிலிருந்து கடைசியில் இரண்டு வகை ரசாயனம் உருவாகிறது, ஒன்று தூண்டும், ஒன்று அடக்கும் என்று சொல்லிவைத்தார்கள். சிம்பத்தின் ஈ, சிம்பத்தின் ஐ என்று பெயரும் வைத்தார்கள். கேனன் சாதாரண ஆள் இல்லை. அவர் சொன்னால் புத்தகத்தில் அச்சாகிவிடும். அச்சும் ஆயிற்று.

ஆல்குவிஸ்ட் செய்தது ரொம்ப எளிய காரியம். அட்ரினலின், நாரட்ரினலின், ஐசோபிரினலின் என்று ஒரே குடும்பத்து மருந்துகள் ஆறை எடுத்துக்கொண்டார். அவற்றை ரத்தக்குழாய், கர்ப்பப்பை, குடல், இதயம் என்று ஒவ்வொரு உறுப்பிலும் போட்டுப் பார்த்து, எது பலமாக வேலை செய்கிறது, எது அடுத்தது, எது கடைசி என்று வரிசைப்படுத்தினார். அவ்வளவுதான். ரேங்க் லிஸ்ட் போடுகிற வேலை. எந்த உறுப்பில் போட்டாலும் இரண்டே இரண்டு ரேங்க் லிஸ்ட்தான் வந்தது. ரத்தக்குழாயைச் சுருக்குவதில் அட்ரினலின் முதல், ஐசோபிரினலின் கடைசி. இதயத்தை ஓடவைப்பதில் அதே ஐசோபிரினலின் முதல், நாரட்ரினலின் கடைசி. ஒரு பாடத்தில் முதல் மார்க் வாங்கின பையன் இன்னொன்றில் கடைசி பெஞ்ச்.

மருந்தில் இரண்டு வகை இல்லை, அதை வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் இரண்டு வகை என்று அவர் முடிவுக்கு வந்தார். நாற்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் ஒரு விசில் அடிக்கிறார். ஒரு பக்கத்து வண்டிகள் நிற்கின்றன, இன்னொரு பக்கத்து வண்டிகள் கிளம்புகின்றன. கேனன் கோஷ்டி, போலீஸ்காரரிடம் இரண்டு விசில் இருக்கிறது என்றது. விசில் ஒன்றுதான், கேட்கிறவன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று பாருங்கள் என்றார் ஆல்குவிஸ்ட்.

அந்த இரண்டு இடங்களுக்குப் பெயர் வைத்ததில்தான் அவருடைய புத்திசாலித்தனம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தூண்டும் ரிசெப்டர், அடக்கும் ரிசெப்டர் என்று வைத்திருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் இதயம் அதில் அடங்காது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அடக்குகிற அதே ரிசெப்டர் இதயத்தில் தூண்டுகிறது. குடலிலும் இதே மாதிரி ஒரு வில்லங்கம் உண்டு. ஆகவே எதையும் முன்கூட்டிச் சொல்லாத வெறும் எழுத்துகளை, ஆல்ஃபா, பீட்டா என்று, பெயராக வைத்தார். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு அங்குலம்கூடப் பெயரில் ஏற்றவில்லை.

கட்டுரையை மருந்தியல் துறையின் முக்கியமான பத்திரிகைக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பரிசுப் போட்டிக்கு வைத்தார். பரிசு வரவில்லை. அவருடைய காலேஜிலேயே ஹாமில்டன் என்று உடலியல் துறையில் ஒரு பெரியவர் இருந்தார், ரத்த ஓட்டத்தை அளப்பதில் பெயர் வாங்கியவர். அவருடைய நட்பினால்தான் 1948 ஜூனில் உடலியல் பத்திரிகையில் அது அச்சேறியது. இதை ஆல்குவிஸ்ட்டே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். சிபாரிசில் வந்த சீட்டு என்று எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்?

அச்சானதும் உலகம் திரும்பிப் பார்த்தது என்று எழுத ஆசைதான். யாரும் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட பத்து வருஷம் அது லைப்ரரியில் தூங்கியது. அதில் நியாயமும் உண்டு. ஆல்ஃபாவை அடைக்கிற மருந்து டேல் காலத்திலிருந்தே கையில் இருந்தது. பீட்டாவை அடைக்க ஒன்றும் இல்லை. பூட்டு இருக்கிறது என்று சொல்கிறீர்களே, அடைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டால் அவரிடம் காட்ட ஒன்றும் கிடையாது. ரேங்க் லிஸ்ட் மட்டும்தான். அவர் சண்டைக்கும் போகவில்லை. கிளாஸ் எடுத்தார், துறையை நடத்தினார். 1954-ல் வெளிவந்த ஒரு பெரிய மருந்தியல் பாடப் புத்தகத்துக்கு அத்தியாயம் எழுதிக் கேட்டபோது, தன் ஆல்ஃபா பீட்டாவை அதற்குள் எழுதிவைத்தார். மாணவர்கள் படிக்கிற புத்தகம்தானே என்று அலட்சியமாக நினைக்கிறோம். அங்கேதான் விதை விழுந்தது.

1958-ல் லில்லி கம்பெனியில் பவலும் ஸ்லேட்டரும் ஆஸ்துமாவுக்கு நீண்ட நேரம் வேலை செய்கிற மருந்து தேடி, ஐசோபிரினலினைக் கொஞ்சம் மாற்றி டி.சி.ஐ. என்று ஒன்றைப் பரிசோதித்தார்கள். அது மூச்சுக்குழாயை விரிக்கிற வேலைக்குத் தடையாக நின்றது. ஆகஸ்டா இருக்கிற அதே மாநிலத்தில், அட்லாண்டாவில், மோரனும் பெர்கின்ஸும் அந்த மருந்தை இதயத்தில் போட்டுப் பார்த்தார்கள். அட்ரினலினின் தூண்டுதலை அது அங்கே தடுத்தது. பூட்டு இருந்தது. அடைக்கிற மெழுகும் கிடைத்துவிட்டது.

அதே சமயம் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் ஜேம்ஸ் பிளாக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ஆக்ஸிஜனைக் கூட்டித் தருவதற்குப் பதிலாக, அது கேட்கிற ஆக்ஸிஜனைக் குறைத்தால் என்ன? வரவைக் கூட்ட முடியாத குடும்பத்தில் செலவைக் குறைப்பதில்லையா, அந்த மாதிரி. அந்த 1954 பாடப் புத்தக அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் எந்தக் கதவை அடைக்கவேண்டும் என்பது அவருக்குப் பிடிபட்டது. முதலில் வந்த புரோனெத்தலால் எலிகளில் கட்டி உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது புரொப்ரனலால். 1960-களின் நடுவில் அது டாக்டர்கள் கைக்கு வந்தது. மிச்சத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிரிஸ்கிரிப்ஷனில்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எந்த ரீயூனியனிலும் சொன்னதில்லை.

1986. படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த புதிது. ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மாவுக்குக் கழுத்துக் கழலை ஆபரேஷன் முடிந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. நாடி நூற்று அறுபது, ஒழுங்கே இல்லாமல். தைராய்டு விஷயம் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே உற்சாகம். புத்தகத்தில் இருக்கிற கேஸ் அல்லவா? புரொப்ரனலால் ஒரு மில்லிகிராம் ரத்தக்குழாயில் மெதுவாகக் கொடுத்தேன். இன்னும் ஒன்று கொடுத்தேன். நாடி இறங்கியது. நானும் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு கேஸ் ஷீட்டில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் நர்ஸம்மா கூப்பிட்டார். நெஞ்சில் விசில் சத்தம். உதடு நீலம்.

வராந்தாவில் படுத்திருந்த அண்ணனை எழுப்பிக் கேட்டோம். சின்ன வயசில் ஒவ்வொரு மார்கழிக்கும் அவளுக்கு இழுப்பு வருமே என்றார். அதை நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. வேறு யார் மேலும் பழி போட இடமில்லை. இதயத்தில் இருப்பது பீட்டா ஒன்று, மூச்சுக்குழாயில் இருப்பது பீட்டா இரண்டு என்று 1967-ல் லேண்ட்ஸ் என்பவர் ஆல்குவிஸ்ட்டின் பீட்டாவையே இரண்டாகப் பிரித்திருந்தார். புரொப்ரனலால் இரண்டையும் சேர்த்து அடைக்கும். பரீட்சைக்கு எழுதினேன், பாஸும் ஆனேன்.

கொடுத்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அன்றைக்கு ராத்திரிதான் இந்த வாக்கியம் எனக்கு உறைத்தது. ஆக்ஸிஜன், அமினோபிலின், ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாம் ஏற்றினோம். நானும் நர்ஸம்மாவும் மாறிமாறிப் பையை அழுத்திக்கொண்டிருந்தோம். புரொப்ரனலால் உடம்பில் பாதியாகக் குறையவே மணிக்கணக்கில் ஆகும். ஈரல் மெல்ல மெல்ல அதை அரைத்து முடிக்கிறவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. விடிகாலை நாலரைக்கு மூச்சு சீரானது. பத்தாம் நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு சீப்பு ரஸ்தாளி கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அதைத் தொடாமல் மேஜையிலேயே வைத்திருந்தேன்.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் ஆல்குவிஸ்ட் யார் என்று தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவுக்குப் போய்விட்ட நம் பேட்ச்காரர் ஒருவர் பழைய கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்து, தடித்த கவரில் போட்டு அனுப்பினார். நான் எழுதித் தெரிந்துகொள்ள அந்த மனிதர் அப்போது உயிரோடு இல்லை. 1983 ஏப்ரல் 15-ம் தேதி காலமாகிவிட்டார். 1976-ல் அவருக்கும் ஜேம்ஸ் பிளாக்குக்கும் சேர்த்து லாஸ்கர் பரிசு கொடுத்திருந்தார்கள். 1988-ல் பிளாக்குக்கு நோபல் வந்தது. நோபல் இறந்தவர்களுக்குக் கிடையாது. ஐந்து வருஷம் தாமதம் என்று நான் சண்டைபோட வரவில்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்பதும் யாருக்குத் தெரியும்?

அந்த ஜெராக்ஸ் கட்டில் 1973-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆல்ஃபா, பீட்டா ரிசெப்டர்கள் நிஜமாகவே உடம்பில் இருக்கின்றன என்று நம்புகிற துணிச்சல் தனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறார்! திசுக்கள் இப்படி இப்படி நடந்துகொள்கின்றன, அதை விளக்க நான் வைத்துக்கொண்ட ஒரு கருத்து, அவ்வளவுதான் என்பது அவர் நிலை. பெயர் வைத்த தகப்பனே பிள்ளை இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறார். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு அவருடைய நேர்மை புரிந்தது. அவர் கண்ணால் கண்டது ரேங்க் லிஸ்ட் மட்டும். காணாததைக் கண்டதாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் அவர் நினைத்தது தப்பு என்பதையும் சொல்லவேண்டும். ரிசெப்டர் நிஜம். டியூக் பல்கலைக்கழகத்தில் லெஃப்கோவிட்ஸும் அவரிடம் இருந்த கோபில்காவும் 1986-ல் பீட்டா ரிசெப்டரின் ஜீனைப் பிடித்தார்கள். 2007-ல் அதன் உருவமே படிகத்தில் தெரிந்தது. 2012-ல் இருவருக்கும் வேதியியல் நோபல். நம் மாணவர்கள் இப்போது அதை கலர் படமாகப் பார்க்கிறார்கள், சுருள் சுருளாக, ஜவ்வை ஏழு முறை துளைத்துக்கொண்டு. ஆல்குவிஸ்ட் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அவர் சாவதற்கு முந்தைய வருஷம், 1982-ல், இல்லினாய் மாநிலத்தில் ஒரு கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ஒரு தலைகீழ் யோசனையை வெளியிட்டார்கள். மருந்துக் கம்பெனிகள் எல்லாம் ஒரு மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யவேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் சீக்கிரம் செத்துப்போகிற பீட்டா பிளாக்கர் வேண்டும் என்றார்கள். உயிருக்குப் போராடுகிற நோயாளிக்கு நீண்ட மருந்து ஆபத்து, என்னுடைய 1986 ராத்திரி மாதிரி. மருந்தின் உடம்பிலேயே எஸ்டர் என்கிற பலவீனமான கண்ணி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். ரத்தத்தில் கலந்ததும் சிவப்பணுவுக்குள் இருக்கிற என்சைம் அந்தக் கண்ணியை அறுத்துவிடும். ஈரலுக்கும் கிட்னிக்கும் காத்திருக்கவேண்டாம். அதுதான் எஸ்மொலால். அமெரிக்காவில் 1986 டிசம்பர் கடைசியில் அனுமதி கிடைத்தது. பாதியாகக் குறைய ஆகிற நேரம் சுமார் ஒன்பது நிமிடம். பெரும்பாலும் இதயத்து பீட்டா ஒன்றைத்தான் அது குறிவைக்கும். நம் மயக்கவியல் பிள்ளைகளுக்கு ஒரு அடைப்புக்குறி: சக்சினைல்கோலினை அறுக்கிற என்சைம் வேறு, இது வேறு. அந்த என்சைம் குறைந்த நோயாளிக்கு எஸ்மொலால் நீண்டுபோகாது. வைவாவில் கேட்பார்கள்.

எங்கள் தியேட்டருக்கு அது தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. முதல் ஆள் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அறுபது கிலோ, பீடி குடித்துக் கெட்ட நெஞ்சு, ஏற்கனவே ஒரு தடவை ஹார்ட் அட்டாக். வயிற்று ஆபரேஷன் முடிகிற நேரத்தில் நாடி நூற்று நாற்பத்தெட்டு. வலியா, ரத்த இழப்பா, காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தும் இறங்கவில்லை. இந்த இதயம் இப்படியே ஓடினால் இன்னொரு அட்டாக்தான். சர்ஜன் என்னைப் பார்க்கிறார். நான் பத்து மில்லி குப்பியைப் பார்க்கிறேன். அதில் நூறு மில்லிகிராம். கை என்னமோ நடுங்கத்தான் செய்தது. பத்து வருஷம் ஆகியும் அந்த நீல உதடு மறக்கவில்லை.

கிலோவுக்கு ஐந்நூறு மைக்ரோகிராம் கணக்கில் மூன்று மில்லியை ஒரு நிமிடத்தில் கொடுத்தேன். பிறகு பம்பில் நிமிடத்துக்கு மூன்று மில்லிகிராம். நூற்று நாற்பத்தெட்டு நூற்று இருபதாகி, தொண்ணூற்றாறுக்கு வந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் விசில் இல்லை. ஆனால் பிரஷர் எண்பத்தாறுக்கு இறங்கியது. பம்பை நிறுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடம் ஆவதற்குள் பிரஷர் மெல்ல ஏற ஆரம்பித்தது, நாடியும் கூடவே கொஞ்சம் ஏறியது. அளவைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிற ஒரு மருந்தை நான் அதுவரை அந்த வகையில் பார்த்ததே இல்லை. மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து, தம்பி யாரு, லேப்பா என்று கேட்டார்.

எஸ்மொலால் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. பிரஷரைத் தள்ளும், ஹார்ட் பிளாக் உள்ளவருக்கு ஆகாது, இதயம் தளர்ந்து நிற்கிறவருக்கும் ஆகாது, இழுப்புக்காரருக்கு இதிலும் எச்சரிக்கை வேண்டும். வேகமாக ஓடுகிற இதயம் பல சமயம் காரணத்தோடுதான் ஓடுகிறது. ரத்தம் போய் ஓடுகிற இதயத்தைப் பிடித்து நிறுத்தினால் ஆளே போய்விடுவார். ஜப்பானில் 2002-லிருந்து லேண்டியலால் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பாதிக் காலம் நாலு நிமிடம்தான், இதயத்து ரிசெப்டரை இன்னும் கறாராகத் தேர்ந்தெடுக்கும். அமெரிக்காவில் 2024-ல் அனுமதித்தார்கள். நான் அதை ஒருமுறைகூடக் கையால் தொட்டதில்லை. அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

போன வருஷம் ஒரு வேலையாக நம் காலேஜ் பக்கம் வந்தபோது பார்மகாலஜி லேபை எட்டிப் பார்த்தேன். கதவோரத்துக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கைமோகிராஃப் டிரம் இருக்கிறது. பித்தளையில் பச்சை ஏறியிருக்கிறது. பக்கத்தில் கரி படிந்த காகிதம் ஒன்றை வார்னிஷ் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அட்ரினலினுக்கு மேலே போகும் கோடு, எர்காட்டுக்குப் பிறகு கீழே போகும் கோடு. இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்றான். இது என்ன தெரியுமா தம்பி என்று கேட்டேன். டேல் என்று சொன்னான். சரிதான் என்றேன். அப்புறம் இன்னொரு பெயர் சொல்லிக் கொடுத்தேன். போனை எடுத்துக் குறித்துக்கொண்டான், எழுத்துப் பிழையோடு. திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.